ரெண்டு கிலோ டீகிளும் ஒரு போக்கா யோக்கேயும்

டிஸ்கி: இது துப்பாக்கி வாங்கச் சொல்ற பதிவு இல்லை. திட்டணும்னா முழுசா படிச்சிட்டு திட்டவும்.

எஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த எவனைக் கேட்டாலும் 'டீகிள்'னா என்னன்னு தெரியும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்ல 650 டாலர், ஏழு தோட்டா. கையில காசு இல்லாத ரவுண்டுல அதை மட்டும் வாங்கிட்டு ஓடிப்போய் ஒரே ஒரு ஹெட்ஷாட் அடிச்சா அன்னிக்கு ராத்திரி மெஸ்ல அவன்தான் ஹீரோ. அந்த டீகிளோட முழுப்பேர் டெசர்ட் ஈகிள். 'மேட்ரிக்ஸ்' படத்துல கோட்டு போட்ட ஏஜென்ட்டுங்க எல்லாம் வச்சிருப்பாங்களே, அதேதான்.

நான் படிச்சது தண்டலத்துல. இப்ப வேலை பார்க்கிறதும் அதே தண்டலத்துல. (உலகம் ரொம்பப் பெரிசுன்னு சொல்றவங்க என் பயோடேட்டாவைப் பார்க்கலாம்.) பெங்களூர் ஹைவேல இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்னு வரிசையா இருக்கிற கம்பெனிகள்ல ஒண்ணு. சாஃப்ட்வேர்னதும் ஏசி ரூமுன்னு நினைச்சிடாதீங்க. பிரஸ் லைன்ல இருக்கிற சென்சாருக்கும் கேமராவுக்கும் புரோகிராம் எழுதறது என் வேலை. பாதி நாள் சேஃப்டி ஷூதான்.

இந்தப் பக்கம் எந்த ஆலைக்குள்ள போனாலும், ஜப்பான் கம்பெனியோ கொரியா கம்பெனியோ நம்மூர் கம்பெனியோ, ஒரு வார்த்தை காதுல விழும். போக்கா யோக்கே. ஜப்பானிய வார்த்தை. தப்பு நடக்கவே முடியாதபடி பொருளையே வடிவமைக்கிறது. செல்போன்ல சிம் கார்டோட ஒரு மூலையை வெட்டி விட்டிருப்பாங்க இல்ல? திருப்பிப் போட்டா உள்ள உட்காராது. அதான் போக்கா யோக்கே. 'கவனமா இரு'ன்னு போர்டு எழுதி மாட்டறதை எங்க குவாலிட்டி மேனேஜர் ஒத்துக்கவே மாட்டார். "மனுஷன் கவனமா இருப்பான்னு நம்பி லைன் ஓட்டாதீங்கய்யா" என்பார்.

இந்த ரெண்டும் ஏன் ஒரே பதிவுல வருதுன்னு சொல்றேன்.

2023 அக்டோபர்ல மூணு வாரம் டெக்சாஸ் போயிருந்தேன். கிளையன்ட் ஆலையில வேலை. பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், அங்கதான் இருக்கார். கிரீன் கார்டு வந்து நாலு வருஷம் ஆச்சு. அவர்கிட்ட நிஜமான டெசர்ட் ஈகிள் இருக்குன்னு தெரிஞ்சதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எப்பண்ணே சுடப் போறோம்?"

அவர் சொன்ன பதில் எனக்குப் புதுசு. "முதல்ல உனக்கு வேட்டை லைசென்ஸ் எடுக்கணும்டா."

ஆன்சைட் போற மக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். பி1, எச்1பி, எல்1, மாணவர் விசான்னு எந்தத் தற்காலிக விசாவுல போனாலும் சரி, அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கக் கூடாது. ரேஞ்சுல அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் அது 'கையில வச்சிருக்கிறது'தான். விதிவிலக்குகள் சில உண்டு. அதுல சுலபமானது, அங்கே ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். டெக்சாஸ்ல பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை கொடுக்குது. கொசுவைத் தவிர எதையும் வேட்டையாடாத நான் அன்னிக்கு லைசென்ஸ் பெற்ற வேட்டைக்காரன் ஆனேன்.

சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. ஹமீத் ரெஹைஃப்னு ஒருத்தர். ஐக்கிய அரபு எமிரேட்ஸ்லேர்ந்து மாணவர் விசாவுல ஃபுளோரிடாவுக்குப் படிக்கப் போனவர். மார்க் குறைஞ்சு காலேஜ்ல எடுத்துட்டாங்க, அதோட விசா அந்தஸ்தும் போச்சு. அதுக்கப்புறம் ஒரு ரேஞ்சுக்குப் போய் சுட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கிடைச்சது 18 மாசம் ஜெயில். 2019-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. தான் தடை செய்யப்பட்ட வகையில இருக்கோம்னு அவருக்குத் தெரியும்ங்கிறதை அரசாங்கம் நிரூபிக்கணும்னு சொல்லிடுச்சு. ஆனா அதுக்கு அவர் எங்கே வரைக்கும் போக வேண்டியிருந்தது பாருங்க. நம்ம பசங்க ரேஞ்சுல நின்னு போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடறதைப் பார்த்தா எனக்கு இவர் ஞாபகம்தான் வருது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்தத் துப்பாக்கியில என்ன விசேஷம்? இது ஒரு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். ஆனா சாப்பிடறது ரிவால்வர் தோட்டா. அதுவும் சாதா தோட்டா இல்ல, மேக்னம்.

மேக்னம்ங்கிற பேரு ஷாம்பெயின்லேர்ந்து வந்தது. ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டிலுக்கு மேக்னம்னு பேர். அதே மாதிரி, அதே விட்டம், ஆனா உள்ளே சரக்கு அதிகம். 1935-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னமைக் கொண்டு வந்தப்ப, அது ஏற்கெனவே இருந்த .38 ஸ்பெஷல் தோட்டாவோட அண்ணன். ரெண்டுக்கும் குண்டோட விட்டம் ஒண்ணுதான். அப்போ ஒரு ஆபத்து இருக்கு. பழைய, பலம் கம்மியான .38 ரிவால்வர்ல எவனாவது இந்தப் புது தோட்டாவைப் போட்டுட்டா துப்பாக்கியே வெடிக்கலாம். அதனால தோட்டாவோட பித்தளைக் கூட்டை 3.4 மில்லிமீட்டர் நீளமாக்கிட்டாங்க. பழைய ரிவால்வர்ல போட்டா முழுசா உள்ளே போகாது, சிலிண்டர் மூடாது. 1955-ல .44 மேக்னம் வந்தப்பவும் இதே வேலையைப் பண்ணாங்க.

பார்த்தீங்களா? போக்கா யோக்கே! ஜப்பான்காரன் அந்தப் பேரை வைக்கிறதுக்கு முன்னாடியே.

இப்ப இந்த ரிவால்வர் தோட்டாவைப் பிஸ்டலுக்குள்ள கொண்டு வர்றதுல என்ன கஷ்டம்? ரிவால்வர் தோட்டாவோட அடியில ஆணித் தலை மாதிரி ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். ரிவால்வருக்கு அது ரொம்ப வசதி. தோட்டா ஓட்டைக்குள்ள ஒரேயடியா விழுந்துடாது, சுட்ட பிறகு கூட்டை அந்த விளிம்பைப் பிடிச்சே வெளியே தள்ளிடலாம். ஆனா பிஸ்டல்ல தோட்டாக்களை மேகசின்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். வீட்டுல நாலு ஆணியை அப்படி அடுக்கிப் பாருங்க. தலையும் தலையும் இடிக்கும். மேல இருக்கிற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கிறதோட விளிம்புக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சுன்னா மேல உள்ளது முன்னாடி நகராது. ஜாம். எங்க லைன்ல வாஷர் ஃபீடர் தகராறு பண்றப்போ நான் பார்க்கிற அதே பிரச்னைதான்.

ரெண்டாவது பிரச்னை, பலம். சாதாரண 9 மி.மீ. தோட்டா சுமார் 500 ஜூல். .44 மேக்னம் 1,000 ஜூலுக்கும் மேல. பெரும்பாலான பிஸ்டல்கள்ல சுட்டதும் குழலும் ஸ்லைடும் ஒட்டிக்கிட்டே கொஞ்சம் பின்னால போய், அப்புறம் குழல் சாய்ஞ்சு விலகும். டெசர்ட் ஈகிள் அந்த வழியை விட்டுட்டு ரைபிள் வழியில போகுது. குழல் அசையவே அசையாது. தோட்டா வெடிச்சு வர்ற வாயுவுல கொஞ்சத்தை ஒரு சின்ன ஓட்டை வழியா எடுத்து, குழலுக்கு அடியிலேயே முன்பக்கம் வரைக்கும் கொண்டு போய், அங்கேர்ந்து ஒரு பிஸ்டனைப் பின்னால தள்ளுது. பூட்டு, சுழலும் போல்ட். கைக்குள்ள அடங்கற ஒரு ரைபிள்னு வச்சுக்கங்க. இதனாலேயே வெறும் ஈயக் குண்டு இதுக்கு ஆகாது. ஈயம் உருகி அந்த ஓட்டையை அடைச்சிடும். செம்புக் கவசம் போட்ட குண்டுதான் போடணும்.

மின்னசோட்டாவில 1979-ல ஆரம்பிச்ச மேக்னம் ரிசர்ச் கம்பெனியோட யோசனை இது. இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸ் அதைச் செதுக்கி உற்பத்திக்குக் கொண்டு வந்தது. 1980-கள்ல முதல்ல .357, அப்புறம் .44, 1991-ல .50. நம்ம கேம்ல வர்ற ஏழு தோட்டா, அந்த .50. அண்ணன்கிட்ட இருக்கிறது .44. எட்டு தோட்டா.

கையில வாங்கினதும் முதல்ல தெரிஞ்சது எடை. காலியா இருக்கும்போதே ரெண்டு கிலோ. ரெண்டு கிலோ அரிசிப் பையைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, அதோட நுனியை ஒரு புள்ளியில அசையாம வைக்கணும்னு சொன்னா எப்படி இருக்கும்? காதுக்குள்ள ஒரு அடைப்பான், அதுக்கு மேல ஹெட்போன் மாதிரி ஒண்ணு. கண்ணாடி. அண்ணன் என் பின்னாடி நின்னுக்கிட்டார். முதல் தடவை மேகசின்ல ஒரே ஒரு தோட்டாதான் போட்டுக் கொடுத்தார். "ஏண்ணே?"ன்னேன். "உதைச்சதுல கை மேல தூக்கி, பதட்டத்துல விரல் ரெண்டாவது தடவை அழுத்திட்டா? இருந்தாத்தானே சுடும்" என்றார். எங்க குவாலிட்டி மேனேஜர் கேட்டிருந்தா அண்ணனைக் கட்டிப்பிடிச்சிருப்பார்.

சுட்டேன். சத்தம் காதுல கேட்கலை, நெஞ்சுல கேட்டுச்சு. வாய்ல ஒரு நெருப்புப் பந்து. காலிக் கூடு நெற்றியில பட்டுத் தெறிச்சது, சூடு. ஆனா உதை நான் பயந்த அளவுக்கு இல்லை. ராத்திரி பேப்பர்ல கணக்குப் போட்டேன். 15.5 கிராம் குண்டு, நொடிக்கு 360 மீட்டர். உந்தம் 5.6. வாயுவை விட்டுட்டுக் கணக்குப் போட்டா ரெண்டு கிலோ பிஸ்டல் பின்னால வர்ற வேகம் நொடிக்கு 2.8 மீட்டர். 1.3 கிலோ ரிவால்வர்னா 4.3. அதாவது கைக்கு வர்ற சக்தி எட்டு ஜூலுக்கும் பன்னிரண்டு ஜூலுக்கும் உள்ள வித்தியாசம். அந்த எடை வீண் எடை இல்லை. அந்த உதையும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளற மாதிரி வருது, ஏன்னா ஒரு பங்கு ஸ்லைடைத் தள்றதுல போயிடுது.

நாற்பது தோட்டா சுட்டோம். ஒவ்வொண்ணும் ஒரு டாலருக்கு மேல. மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கலைன்னா அடுத்த தோட்டா ஏறாம நின்னுடுது, எனக்கு மூணு தடவை நின்னுச்சு. கேம்ல ஓடிக்கிட்டே ஹெட்ஷாட் அடிக்கிறவன், நிஜத்துல ஏழு மீட்டர்ல நின்னுக்கிட்டு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள்ள பாதியைத்தான் போட்டேன். ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லணும். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. கார்ல வர்றப்போ சிரிப்பு நிற்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அதைத் துடைச்சு, எண்ணெய் போட்டு, அலமாரிக்குள்ள சுவத்துல போல்ட் போட்டு முடுக்கின இரும்புப் பெட்டியில வச்சார். தோட்டா வேற பெட்டியில, வேற ரூம்ல. பாப்பாவுக்கு ஏழு வயசு. அண்ணிகிட்ட "பெட்டி நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம்"னு சொல்லிட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டாங்க.

அடுத்த வருஷம் ஜனவரியில அண்ணனுக்கு வேலை போச்சு. அந்தச் சமயத்துல அங்கே வேலை போன ஆயிரக்கணக்கான சாஃப்ட்வேர்காரங்கள்ல அவரும் ஒருத்தர். (அவர்கிட்ட கேட்டு, சரின்னு சொன்னப்புறம்தான் இதை எழுதறேன்.) வாரா வாரம் போன் பண்ணுவேன். முதல் மாசம் நல்லாத்தான் பேசினார். ரெண்டாவது மாசம் பேச்சு குறைஞ்சது. ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு தண்டலம் கூட்ரோடு டீக்கடையில நிற்கிறேன், அண்ணி போன். எப்பவும் வாட்ஸப்ல மெசேஜ் மட்டும் போடறவங்க. "தம்பி, அவர் சரியா தூங்கறது இல்ல. அந்தப் பெட்டி இந்த வீட்ல இருக்க வேணாம்னு நீங்க அவர்கிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா சந்தேகப்படறேன்னு நினைச்சுப்பார்."

டீயைக் கீழே வச்சிட்டேன்.

அமெரிக்காவுல துப்பாக்கிச் சாவுன்னதும் நமக்கு டிவியில பார்த்த பள்ளிக்கூடச் சம்பவங்கள்தான் ஞாபகம் வரும். ஆனா அவங்க அரசாங்கக் கணக்கைப் பாருங்க. 2023-ல துப்பாக்கியால செத்தவங்க 46,000-க்கு மேல. அதுல 27,000-க்கு மேல தற்கொலை. பாதிக்கும் மேல. திருடனைச் சுட வாங்கி வச்ச துப்பாக்கி, வாங்கினவனையே ஒரு கெட்ட ராத்திரியில எடுத்துக்குது. அந்த ராத்திரி விடிஞ்சிருந்தா அவன் மனசு மாறியிருக்கலாம். மற்ற வழிகள்ல அதுக்கு நேரம் கிடைக்குது. இதுல கிடைக்கிறதில்லை.

என்ன பேசறதுன்னு ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். போன் பண்ணினேன். வேலை, இன்டர்வியூ, பெரியம்மாவோட முட்டி வலின்னு சுத்திச் சுத்தி வந்தேன். கடைசியில, "அண்ணே, அந்த டீகிள்..."ன்னு இழுத்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவரே சொன்னார்: "நேத்தே கொண்டு போய் ஃப்ரெண்டு வீட்ல குடுத்துட்டேன்டா. தோட்டாவையும் சேர்த்து. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு ஒண்ணும் இல்லன்னு நான்தானே சொல்றேன்? அன்னிக்கு உனக்கு ஏன் ஒரு தோட்டா மட்டும் போட்டேன்? அதே கணக்குதான்."

அந்தக் கடைசி வரியை நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். தோட்டாவை மூணரை மில்லிமீட்டர் நீளமாக்கின எஞ்சினியர், துப்பாக்கி வெடிக்காம பார்த்துக்கிட்டான். அதோட அவன் வேலை முடிஞ்சது. அந்தத் துப்பாக்கி எந்த வீட்டுக்குப் போகுது, அந்த வீட்டுல இந்த மாசம் யாருக்குத் தூக்கம் வரலைன்னு அவனால வடிவமைக்க முடியாது. அதை வச்சிருக்கிறவன்தான் பண்ணணும். அதுவும் தான் நல்லா இருக்கும்போதே முடிவு பண்ணி வச்சுக்கணும். சுடறதுக்கு ஒரு மணி நேரப் பொறுப்பு போதும். வச்சிருக்கிறதுக்கு ராத்திரி பகல்னு முழுநேரப் பொறுப்பு.

இதே ஏற்பாடு நம்ம ஊர்ல சர்க்கார் ஏற்பாடாவே இருக்கு, தெரியுமா? எங்க ஹவுஸ் ஓனர் தாத்தா ரிட்டையர்டு மிலிட்டரி. லைசென்ஸோட ஒரு பழைய .32 ரிவால்வர் வச்சிருக்கார். 2024 மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் தேதி அறிவிச்சாங்க. கொஞ்ச நாள்ல தாத்தா அதை மஞ்சப்பையில சுத்தி எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டார். தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கணும்னு உத்தரவு வரும். எண்ணிக்கை எல்லாம் முடிஞ்சப்புறம் திரும்ப வாங்கிக்கலாம். "உங்களையே சந்தேகப்படறாங்களா தாத்தா?"ன்னு சும்மா சீண்டினேன். "என்னை இல்லடா, சீசனைச் சந்தேகப்படறான்" என்றார்.

சீசன்! தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, 1967 ஜனவரி 12, இதே பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் ராமாவரம் தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு நம்ம தாத்தா பாட்டி எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ படத்துல சேர்ந்து நடிச்ச ரெண்டு பேர். பேச்சுவார்த்தைக்கு நடுவுல எம்.ஆர். ராதா சுட்டார், எம்.ஜி.ஆர். கழுத்துல குண்டு. அப்புறம் தன்னையும் சுட்டுக்கிட்டார். ரெண்டு பேரும் பிழைச்சது அதிர்ஷ்டம். எம்.ஜி.ஆர். குரல் கடைசி வரைக்கும் பழையபடி ஆகலை. பேச்சு முத்தறப்போ கையெட்டற தூரத்துல துப்பாக்கி இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்குத் தமிழ்நாட்டுக்கு வேற பாடம் வேணாம்.

இதெல்லாம் தெரிஞ்சும் லஞ்ச் டேபிள்ல பசங்க கேட்கிறாங்க: "மச்சி, நாமளும் லைசென்ஸ் அப்ளை பண்ணலாமா?" 1959 ஆயுதச் சட்டம் 21 வயசு ஆன யாரையும் விண்ணப்பிக்கக் கூடாதுன்னு சொல்லலை. கலெக்டர் ஆபீஸ்ல மனு, போலீஸ் விசாரணை, ஏன் வேணும்ங்கிறதுக்குக் காரணம், பயிற்சிச் சான்றிதழ். கிடைச்சாலும் டீகிள் எல்லாம் கனவு. 9 மி.மீ. மாதிரி ராணுவத் தோட்டா போடற துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகை. 1980-களின் நடுவுலேர்ந்து பேர் பெற்ற போட்டி வீரர்கள் தவிர தனியார் யாரும் இறக்குமதி பண்ண முடியாது. அதனாலதான் பெரும்பாலும் நம்ம ஆர்டினன்ஸ் தொழிற்சாலையோட .32.

ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு ஹைவேல தனியா பைக்ல வர்ற பயம் எனக்கும் உண்டு. ஆனா அந்தப் பயத்துக்கு .32 மருந்து இல்லை. கம்பெனி பஸ்தான் மருந்து.

சுடற ஆசைக்கு வேற வழி பார்த்துக்கிட்டேன். ஒரு ரைபிள் கிளப்ல சேர்ந்திருக்கேன், பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். (2021-ல மாநிலப் போட்டியில அஜித் பதக்கம் வாங்கினப்புறம் கிளப் பக்கம் தலைகாட்டற பசங்க கூட்டத்துல நானும் ஒருத்தன், ஹிஹி.) அரை கிராம் குண்டு, சுமார் ஆறு ஜூல். டீகிளோட சக்தியில நூத்துல ஒரு பங்குகூட இல்லை. பத்துப் பாயின்ட் வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒத்தைக் கையில நிறுத்திப் பாருங்க, எது கஷ்டம்னு தெரியும். பிஸ்டல் கிளப்போடது, கிளப் லாக்கர்லயே தூங்குது.

அண்ணனுக்கு அந்த ஆகஸ்ட்ல வேலை கிடைச்சிடுச்சு. நல்லா தூங்கறாராம். டீகிள் இன்னும் ஃப்ரெண்டு வீட்டுப் பெட்டியிலதான் இருக்கு. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துட்டுப் போய் சுட்டுட்டு, துடைச்சு, திரும்ப அங்கேயே வச்சிட்டு வந்துடறாங்க. "ஏண்ணே, இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே, வீட்டுக்குக் கொண்டு வரலாமே?"ன்னு போன மாசம் கேட்டேன்.

"சிம் கார்டு சரியா உட்கார்ந்திருச்சுன்னு அந்த வெட்டின மூலையை ஒட்ட வைப்பியாடா?" என்றார்.